வினிகர் போடாத பானை

மார்ச் 1, ஞாயிறு

எட்டுக் கிலோ தக்காளி. காய்கறிக்காரர் கனிந்ததையெல்லாம் ஒரே கூடையாக என் தலையில் கட்டிவிட்டார். கடைச் சாஸில் என்னென்னவோ கலக்கிறார்கள், நானே வீட்டில் செய்கிறேன் பார் என்று வீராப்பாகக் கிளம்பிவிட்டேன். வேகவைத்து, தோலுரித்து, சல்லடையில் தேய்த்து, வெங்காயமும் பூண்டும் அரைத்துவிட்டு மூன்று மணி நேரம் கிண்டினேன். கடைசியில் சர்க்கரை, உப்பு, வினிகர். சுவரெல்லாம் சிவப்புத் தெறிப்பு, கொலை நடந்த இடம் மாதிரி இருக்கிறது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “போலீஸைக் கூப்பிடவா?” என்றார். பாதித் தக்காளிதான் முடிந்தது.

மார்ச் 2, திங்கள்

மீதியைக் காலையில் ஏற்றினேன். பழைய பாட்டில்களை வாடை போக வினிகர் விட்டு அலசிக் காயவைத்தேன். பன்னிரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு கிளினிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. நான் போகும்போது இவர் ஆலையில் இருப்பார், இவர் வரும்போது நான் கிளினிக்கில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் குடும்பம் நடப்பதே பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சீட்டில்தான். “நேற்று மாதிரியே கெட்டியாக்கி பாட்டிலில் ஊற்றிவிடுங்கள்” என்று எழுதி ஒட்டினேன். எட்டு மணிக்கு வந்தால் பதினோரு பாட்டில் மேஜைமேல் வரிசையாக நிற்கிறது. நேற்றையதும் இன்றையதும் கலந்து. எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினேன். சந்தோஷமாக இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

அக்கா மகள் குட்டிக்கு சாஸ் இல்லாமல் ரொட்டி இறங்காது. அந்தச் சாக்கு போதும் என்று ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குட்டி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளுக்கு மூன்று வயதில், என் பொறுப்பில் விட்டிருந்தபோது, நான் வாசல் மணிக்கு எழுந்து போன அரை நிமிஷத்தில் கொதிக்கிற டீ அவள் கையில் கொட்டியது. “உன்கிட்ட என் பிள்ளைய விட்டது என் தப்பு” என்று ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவிடமிருந்து மெசேஜ்! “சாஸ் நல்லா இருக்கு. குட்டி தினம் கேக்கறா.” பதினைந்து தடவையாவது படித்திருப்பேன்.

மார்ச் 14, சனி

கை ஓடவில்லை. எழுதினாலாவது நிதானம் வருமா பார்ப்போம்.

காலையில் அலமாரியைத் திறந்தேன். ஒரு பாட்டிலின் மூடி மேலே உப்பியிருந்தது. தொட்டதும் புஸ் என்று நுரை. சந்தேகத்தில் இன்னொன்றைத் திறந்து நாக்கு நுனியில் வைத்தேன். வினிகர் புளிப்பு துளியும் இல்லை. இவரிடம் போய், வினிகர் எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

“நானா? வினிகர் பாட்டில்ல பாதிக்கு மேல காலியா இருந்துச்சு. நீ ஊத்திட்டேன்னு நெனச்சேன்.”

அந்தப் பாதியில்தான் நான் பாட்டில் கழுவினேன். அடக் கடவுளே.

எது எந்தப் பானை? தெரியாது. எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே லேபிள். வீட்டில் ஏழு இருக்கிறது. கிளினிக்கில் கூட வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு, மேல்வீட்டுத் தையல்காரருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. மூன்று பேருக்கு உடனே சொல்லிவிட்டேன். தையல்காரர் இன்னும் திறக்கவே இல்லை. கிளினிக்கில் இருவரும் பாதி சாப்பிட்டிருக்கிறார்கள், சும்மாதான் இருக்கிறார்கள், இனி தொடமாட்டார்கள்.

அக்காவுக்கு அடித்தேன். இரண்டு ரிங் போனதும் நானே போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

என்னவென்று சொல்வது? ‘அன்னிக்கு உன் பிள்ளைக்குச் சூடு வெச்சேன், இன்னிக்கு விஷம் குடுத்திருக்கேன்’னா? மெசேஜ் எழுதி எழுதி அழித்தேன். இவர், “நான் பேசறேன், தப்பு என்னோடதுன்னே சொல்றேன்” என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். வந்தால் வெறும் வயிற்றுவலிதான் வரும், அதற்குப் போய் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை. வேறென்ன.

கடைசியில் அனுப்பியது: “குட்டி எப்படி இருக்கா?”

பதில்: “நல்லா இருக்கா. கொஞ்சம் அசதி. சும்மா கண்ணக் கசக்கிட்டே இருக்கா.”

வயிற்றுவலி இல்லை. அப்பாடா.

மார்ச் 16, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

நாலு மணிக்கு டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் போட்ட சாஸ் கெட்டால் என்ன ஆகும், சும்மா கேட்கிறேன் என்றேன். பெரும்பாலும் புளித்து நுரைக்கும், வயிறு கெடும், அவ்வளவுதான் என்றார். புளிப்புக் குறைவாக இருந்தால் எப்போதாவது மூடிய பாட்டிலுக்குள் கொடிய விஷம் உண்டாகுமாம், ருசியில்கூடத் தெரியாதாம். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சொன்னார்: “அது முதல்ல கண்ணுல காட்டும்மா. இமை தொங்கும், ஒண்ணு ரெண்டாத் தெரியும். ஆளு அப்படியே சோர்ந்துபோவாங்க.”

அசதி. கண்ணைக் கசக்குகிறாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவரிடம் என்ன சொன்னேன் என்றுகூட ஞாபகமில்லை. பஸ்ஸிலிருந்து அக்காவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. முந்தாநாளே சொல்லியிருந்தால்? நேற்றுச் சொல்லியிருந்தால்? என் மானம் பெரிதாகப் போயிற்று எனக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போலிருந்தது.

கதவைத் திறந்தது குட்டி. கண் இரண்டும் சிவந்து, இமை கனத்து. முட்டிபோட்டு அவள் முகத்தைப் பிடித்தேன். இரண்டு விரலைக் காட்டினேன்.

“இது எத்தன?”

“நாலு.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். “பொய் சொன்னேன் சித்தி. ரெண்டு. நான் நீச்சல் கிளாஸ் போறேன், தெரியுமா? கண்ணெல்லாம் எரியும்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஓடிவந்தாள், ஈரக் கையோடு. எல்லாவற்றையும் கொட்டினேன் – வினிகர், மூடி, டாக்டர், இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அத அன்னிக்கே தூக்கி எறிஞ்சிட்டேன்டி. மூடியத் தொறக்கக்கூட இல்ல, அப்படியே குப்பையில போட்டேன்.”

“நல்லா இருக்குன்னு எழுதினியே.”

“வேற என்னன்னு எழுதச் சொல்ற?”

குட்டி ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஒரு சொட்டுக்கூட. அங்கேயே தேம்பித் தேம்பி அழுதேன், அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வலி, வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் வந்தது. என்னை நம்பாததால் அல்லவா பிள்ளை பிழைத்தாள்? அக்கா செய்தது சரி. சரி என்பதுதான் தாங்கமுடியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டில் இருந்த ஏழையும், திறந்ததை இறுக மூடி, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். கொடுத்த மூன்றும் திரும்பி வந்தன, அவையும் போயின. நல்ல பானையும் சேர்ந்துதான் போயிற்று. இவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, “நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம்” என்றார். நானும்தான்.

மார்ச் 21, சனி

போன் அடித்தாலே ஓடிப்போய்ப் பார்க்கிறேன். அக்காவிடமிருந்து ஒன்றுமில்லை.

மார்ச் 28, சனி

காலையில் அக்கா போன் செய்தாள். நாளைக்குப் பல் பிடுங்கப் போகவேண்டுமாம், இரண்டு மணி நேரம் ஆகுமாம். கொஞ்சம் இழுத்தாள். பிறகு, “குட்டிய உன்கிட்ட விட்டுட்டுப் போகவா?” என்றாள். நான் சரி என்பதற்குள், “ஏதாவது ஆச்சுன்னா மறைக்காமச் சொல்லிடுவ இல்ல?” என்றும் கேட்டாள். சொல்லிடுவேன் என்றேன்.

மத்தியானத்திலிருந்து வீட்டைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். கத்தி, கத்தரிக்கோல், தீப்பெட்டி, மருந்து டப்பா எல்லாம் மேல் அலமாரிக்கு ஏறிவிட்டன. இவர் நாற்காலியில் நின்று வாங்கி வைக்கிறார், நான் கீழிருந்து நீட்டுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்கள்.