தயா லேட்டாக வரும் இடம்

நவம்பர் 20, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. மாங்காடு ரோட்டில் முழங்கால் தண்ணீர். டிரம்பெட் வால்வு எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்கணும். வெள்ளைக் கோட்டு லாண்டரிக்கு. டிரம்ஸ் கஜாவுக்குப் போன்.

30-ம் தேதி நசரத்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன். பெண்ணின் அப்பா போனில், “கடைசில டிரம்பெட்காரங்க எழுந்து நிப்பீங்களே, அத்த கண்டிப்பா வாசிக்கணும் சார். எங்க கல்யாணத்துல வாசிச்சீங்க, இன்னும் காதுலயே கீது.”

அவர் கேட்பது பதினேழு. எங்களிடம் பாட்டுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய காலத்தில் சூப்பர்வைசர் வீட்டுப் பழைய ரெக்கார்டுகளில் ஸ்விங் ஜாஸ் கேட்டுப் பைத்தியம் பிடித்து நான் ஆரம்பித்த பேண்டு. பன்னிரண்டு பேர். இப்போது பதினொன்று.

தயா போய் இன்றோடு ஐம்பத்தோரு நாள். இரண்டாவது டிரம்பெட். இருபத்தாறு வருஷம் என் இடது பக்கம். ஆகஸ்டில் எல்லார் முன்னாலும் அவனை வெளியே அனுப்பினேன். பதினேழில், கடைசிச் சுற்றில், லேட்டாக வருகிறான் என்று. “பேண்டு வாசிக்கிறியா, மாட்டு வண்டி ஓட்டறியா?” என்று கேட்டேன். பெட்டியை மூடினான், போனான். செப்டம்பர் கடைசியில் மாரடைப்பு.

சாவுக்கு டிரம்பெட்டோடு போனேன். பெட்டியைத் திறக்கவில்லை.

நவம்பர் 22, சனி

ஒத்திகை, மாலை நாலு மணி, டயர் கடை மாடி. மழை விட்டுவிட்டு. டீ ஆறிப்போனது.

தயாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை. யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள்.

பதினேழு, மூன்று தடவை. மூன்று தடவையும் கடைசிச் சுற்றில் குலைந்தது. சாக்ஸபோன்காரர்கள் என்னோடு, கஜா எங்கோ பின்னால். கத்தினேன். கஜா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மழையைப் பார்த்தான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். குலைந்த இடத்தில், இடது பக்கமிருந்து, அரைத் தட்டு தள்ளி, ஒரு டிரம்பெட் கேட்டது. தயாவினுடையதுதான், அந்தச் சளி பிடித்த குரல். திரும்பினேன். ஹெல்மெட். மூன்றாவது தடவை திரும்பவில்லை. இன்னும் தெளிவாகக் கேட்டது.

வீட்டில் மனைவி எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பி.பி. மாத்திரை போட்டீங்களா?” போட்டேன்.

பயமாக இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

வெயில். எண்ணெய் வாங்கியாயிற்று. கோட்டில் பட்டன் ஒன்று இல்லை.

காலையில் தயாவின் மனைவி மல்லிகா போன். “அண்ணா, அவரு ஃபைல் ஊட்லயே கீது. வந்து எடுத்துக்கினு போங்க.” சாவுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசுகிறாள். குத்தம்பாக்கத்துக்குப் போனேன்.

காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. சுவரில் மாலை போட்ட படம், எங்கள் வெள்ளைக் கோட்டோடு. வேறு நல்ல படம் இல்லையாம்.

“நீங்க அனுப்பிச்சப்பறமும் சனிக்கெழம நாலு மணிக்கு ஒக்காந்துருவாரு. டிரம்பெட்டு வாய்ல துணிய அடச்சிக்கினு வாசிப்பாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, அங்க ஆரம்பிச்சிருப்பாங்கன்னுவாரு.”

ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் பஸ் நேரம் கேட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

காலை பத்து மணிக்கு ஃபைலைத் திறந்தேன். வாசிக்கும் நோட்ஸ், பக்கமெல்லாம் பென்சில். சிறிய எழுத்து.

3 – மூச்சு இங்கே.
8 – கஜா பக்கம் பார்க்காதே, சிரிப்பு வரும்.
11 – மாஸ்டர் ஓடுவார். கொஞ்சம்.
14 – மாஸ்டர் ஓடுவார்.
17, கடைசிச் சுற்று – இங்கே மாஸ்டர் ரொம்ப ஓடுவார். நில். கஜாவைக் கேள். பிறகு வா.

17-ல் அந்த இடம் மட்டும் அழித்து எழுதி, அழித்து எழுதி, பேப்பர் நைந்துபோயிருக்கிறது.

முதலில் கோபம்தான் வந்தது. நானா தாளத்தை விட்டு ஓடுகிறேன்? போன வருஷ நிகழ்ச்சியின் வீடியோ போனில் இருக்கிறது. போட்டு, மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தேன். நாலு தடவை. ஓடுகிறேன். வெட்கமில்லாமல் ஓடுகிறேன்.

கஜாவைக் கூப்பிட்டேன். தெரியுமா என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரியும் மாஸ்டர். கடைசி ரவுண்டு வந்தாலே உங்க காலு ஓடும். சாக்ஸ்காரங்க உங்க பின்னாலயே ஓடுவாங்க. நா இந்தாண்ட நின்னுக்கினு இருப்பேன். தயாண்ணன்தான் நடுவுல நின்னு எல்லாத்தையும் இஸ்து புடிப்பாரு.”

“ஏன் சொல்லல?”

“அவருதான் வேணான்னாரு. மாஸ்டருக்கு அந்த எடத்துலதான் குஷி வருது, அத்த கெடுக்காத, நா பாத்துக்கறேன்னாரு.”

“அன்னிக்கு அவன வெளிய அனுப்புனப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“வாயத் தொறந்தேன். கண்ணாலயே வேணான்னுட்டாரு.”

அப்புறம் சாப்பிடவில்லை. வாசிக்க உதடும் சரியில்லை.

நவம்பர் 27, வியாழன்

தூறல். மறுபடி குத்தம்பாக்கம். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். “தப்பு என்னுதும்மா. அவன் லேட்டா வரல. நான்தான் ஓடினேன்.”

மல்லிகா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “அவருக்குத் தெரியும்ணா. உங்களுக்கும் தெரியணும்னுதான் ஃபைல குடுத்தேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினேழை எடுத்துவிடலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன். “கேட்டவருக்கு இன்னா சொல்லுவீங்க? வாசிக்கறவன் செத்துட்டான்னா?”

நவம்பர் 29, சனி

ஒத்திகை. தயாவின் 17-ஐ எழுந்து நின்று படித்துக் காட்டினேன், பென்சிலில் இருந்தது உட்பட. “நான் ஓடினேன். அவன்மேல பழி போட்டேன்” என்றேன். யாரோ ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்தார்கள்.

17 ஒரு தடவைதான் வாசித்தோம். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த இடத்துக்குப் போகத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

மதியம் வரை மழை, பிறகு இல்லை. பட்டன் தைத்தாயிற்று. மண்டபத்தில் ஏ.சி. அதிகம். எழுநூறு பேர் சாப்பாட்டில், ஐம்பது பேர் எங்களிடம். இடது பக்கம் ஒரு காலி நாற்காலி போடச் சொன்னேன்.

கடைசியாகப் பதினேழு. டிரம்பெட்காரர்கள் எழுந்தோம். கடைசிச் சுற்று. குஷி வந்தது, கால் துடித்தது. நின்றேன். கஜாவைக் கேட்டேன். பிறகு வந்தேன். பதினோரு பேரும் ஒன்றாக இறங்கினோம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. கஜா சிரித்தான்.

இடது பக்கம் சத்தமே இல்லை. காதைத் தீட்டிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. நான் சரியாக வாசித்தால் அவனுக்கு அங்கே வேலை கிடையாது. அது அப்போதுதான் உறைத்தது.

பெண்ணின் அப்பா ஓடிவந்து, “சார், இன்னொரு தபா!”

எடுத்தோம். கடைசிச் சுற்று வந்தது. காலை அதன் போக்கில் விட்டுவிட்டேன். தெரிந்தே ஓடினேன். கஜா என்னை முறைப்பது தெரிந்தது.

வந்தான். இடது பக்கமிருந்து, எப்போதும் போல, லேட்டாக.