கரையானுக்கு நோன்பு கிடையாது

பிப்ரவரி 12, திங்கள்

மூன்றாவது முறையாக அந்தக் கிறிஸ்தவ மடத்துக்குப் போய், மூன்றாவது முறையாகத் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். கெய்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம் பாலைவனச் சாலை. இடுப்பு விட்டுப்போச்சு.

பழைய தாள்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் பிழைப்பு. இங்கே நோயாளி மடத்து நூலகக் கோபுரத்துக்குள்ளே. வைத்தியச்சி கீழே முற்றத்தில். கோபுரத்துக்குள் பெண் காலடி படக் கூடாதாம். சரி, நோயாளியை என்னிடம் அனுப்புங்கள் என்றால் அதுவும் கூடாது. கடிதக்கட்டு, நிலப்பத்திரம், கையெழுத்துப் புத்தகம் என்று எண்ணூறு வருஷத்துச் சொத்து அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரே சாபம்: இதை மடத்து வாசலுக்கு வெளியே கொண்டு போகிறவனுக்கு யூதாஸின் பங்கு கிடைக்கட்டும்.

நூலகத்துச் சாவி அதைக் காக்கும் துறவித் தந்தை, அபூனா பிஸந்தியின் கழுத்தில் தொங்குகிறது. சிலுவைக்குப் பக்கத்தில், சிலுவையைவிடப் பெரிதாக.

"அலமாரியெல்லாம் கரையான் ஏறியிருக்குன்னு நீங்கதானே அபூனா எழுதினீங்க? காப்பாத்தத்தானே வந்திருக்கேன்?" என்றேன்.

"என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல ஒரு வெள்ளைக்காரனும் இதையேதான் சொன்னான். சமையக்கட்டுத் துறவிக்கு ரெண்டு மூட்டை சர்க்கரை கொடுத்துட்டு, ஒரு ஒட்டகச் சுமை புத்தகத்தைக் காப்பாத்திக்கிட்டுப் போனான். குத்தம் சொல்லக் கூடாது, நல்லாத்தான் காப்பாத்தினான். இன்னைக்கும் லண்டன்ல ஒரு கீறல் இல்லாம இருக்கு."

இன்னொரு கோப்பை தேநீர் வந்தது. குடித்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

அலமாரிகளைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பிவிட்டார். பெரும்பாலான படங்களில் அபூனாவின் கட்டைவிரல். ஒன்றில் கூரை. ஒன்றில் அவருடைய தாடி, கீழிருந்து.

கடைசிப் படம் மட்டும் தெளிவு. சுவரிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஒரு கட்டுக்கு, விரல் தடிமனில் மண்கோடு போகிறது. கரையான் போட்ட பாதை.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று மனுஷர் கொஞ்சம் இறங்கி வந்தார். அவர் இல்லை, படத்தில் பார்த்த கட்டு இறங்கி வந்தது. கோபுரத்து ஜன்னலில் பழைய கப்பியும் கயிறும் இருக்கின்றன. கூடையில் வைத்து இறக்கினார். முற்றம் மடத்துக்குள்தான், அதனால் சாபம் இல்லை.

வெளித்தாளைப் பிரித்தேன். உள்ளே எழுத்தே இல்லை. மண். வெள்ளைப் பூச்சிகள் வெயில் பட்டதும் நாலா பக்கமும் ஓடின. முன்னூறு வருஷம் முந்தி இந்த மடத்துத் துறவிகள் ஊருக்கு எழுதி, ஊரிலிருந்து பதில் வந்த கடிதங்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தக் கிணறு வற்றியது, எல்லாம் இருந்திருக்கும். இப்ப ஒரு படி மண்ணு. அவ்வளவுதான்.

அழுதுவிட்டேன். இருபது வருஷமா இதே வேலை, ஒரு தடவை அழுததில்லை. முற்றத்து நடுவில், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

மேலேயிருந்து தலை மட்டும் நீண்டது. "என்னம்மா, மோசமா?"

"செத்துப்போச்சு அபூனா!"

கூடையை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டார்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். அறையைக் காலி செய்து சுவருக்கு மருந்தடிக்க வேண்டும். கட்டுகளைப் பையில் போட்டு மூடி உறைகுளிரில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பூச்சியும் முட்டையும் சாகும். உறைகுளிர் அறை மடத்துக்குச் சொந்தமாகவே இருக்கிறது, கோழிப்பண்ணையில். பண்ணை எங்கே? வாசலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில்.

மார்ச் பதினொன்றில் பெருநோன்பு ஆரம்பம். அன்று வாசலைச் சாத்தினால் உயிர்த்தெழுதல் பெருநாள் வரைக்கும் வெளியாள் யாரும் உள்ளே போக முடியாது. துறவிகள் நோன்பிருப்பார்கள். கரையான் இருக்காது.

பிப்ரவரி 22, வியாழன்

கட்டுகளைப் பண்ணைக்குக் கொண்டு போக அனுமதி கேட்டேன். பிஸந்தி, "சய்யித்னா உத்தரவு கொடுத்தா எனக்கென்ன?" என்றார். சய்யித்னா என்றால் மடத்தலைவர், பிஷப் சவீருஸ். அவரிடம் ஓடினேன். "நூலகம் பிஸந்தியோட பொறுப்பும்மா, அவர் சொன்னா எனக்கென்ன?" என்றார். திரும்ப பிஸந்தி. திரும்ப பிஷப். நடுவில் முற்றத்தில் நான் பந்து மாதிரி.

வண்டியில் ஏறியதும் வண்டியோட்டி ஷாபான் கேட்டான், "என்ன டாக்டரம்மா, முடிஞ்சுதா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

பிப்ரவரி 26, திங்கள்

வாசல் சாத்தியிருந்தது. யோனா நோன்பாம், மூன்று நாள். ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவச்சி நான், மறந்தே போய்விட்டேன்! இரண்டு மணி நேரம் போய் இரண்டு மணி நேரம் திரும்பினோம்.

"நேத்தே கேக்கணும்னு நெனைச்சேன், இன்னைக்கு உங்காளுங்களுக்கு நோன்பாச்சேன்னு. சரி, உங்க சாமி விஷயம், முஸ்லிம் நான் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்," என்றான் ஷாபான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மார்ச் 3, ஞாயிறு

பிஷப்பை இன்று மடக்கிவிடலாம் என்று தயாராகப் போனேன்.

"சய்யித்னா, சாபத்தை நீக்க உங்களுக்கு அதிகாரம் உண்டே?"

"முதல்ல அதைப் போட்டவர் யாரு தெரியுமா? நம்ம சபையோட அந்தக் காலத்துப் பாப்பரசர். நான் வெறும் பிஷப். மேலதிகாரி போட்ட உத்தரவைக் கீழ இருக்கிறவன் ரத்து பண்ண முடியுமா?"

"அப்ப அவரையே கேளுங்க."

"அவர் செத்து எண்ணூறு வருஷமாச்சேம்மா."

"அப்ப நீங்களே துணிஞ்சு..."

"நான் பயந்தவன் இல்ல தமியானா. ஆனா யூதாஸ் பக்கத்துல உக்காரணும்னா கொஞ்சம் யோசிக்கணும்ல?"

மனுஷன் விளையாடவில்லை. கண்ணில் நிஜமான பயம் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் பயம்தான், சொன்னால் என்ன? சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

வேறு வழி சொல்கிறேன் என்று சமையற்கட்டுக் குளிர்பெட்டியைக் காட்டினார். நாலு கட்டு கொள்ளும், தக்காளியை எடுத்துவிட்டால். மேலே தொள்ளாயிரம் கட்டுகள் இருக்கின்றன.

மார்ச் 5, செவ்வாய்

என்னை அனுப்பிய கெய்ரோ அலுவலகத்தில், நோன்புக்கு முன்னால் அனுமதி வராவிட்டால் மடத்து ஃபைலை மூடிவிடச் சொல்லிவிட்டார்கள். மூடிக்கொள்ளட்டும். நான் மூட மாட்டேன்.

மார்ச் 6, புதன்

காலையில் பிஸந்தி தொலைபேசியில் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"தமியானா, சத்தம் கேக்குதும்மா."

"என்ன சத்தம்?"

"திங்கிற சத்தம். நேத்து நண்பகல் ஜெபம் சொல்லிக்கிட்டிருந்தேன். மூச்சு விட நிறுத்தினா, அலமாரிக்குள்ள கறுக் கறுக்னு. நான் ஜெபம் சொல்றேன், அது திங்குது. நான் நிறுத்தினா அது நிறுத்தல."

குரல் உடைந்திருந்தது. திட்டலாம் என்று மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"சாபத்தை மறுபடி வாசிச்சுப் பார்த்தேன்," என்றார். "எல்லாத்துலயும் வாசலுக்கு வெளியேன்னுதான் இருக்கு. சுவருக்கு வெளியேன்னு ஒண்ணுத்துலயும் இல்ல. வாசல் எங்க நிக்கணும்னும் இல்ல."

"புரியலையே அபூனா."

"வாசலைக் கழட்டிக் கோழிப்பண்ணைக்கு அந்தாண்ட கொண்டு போய் நிறுத்திட்டா?"

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. "சய்யித்னா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கிட்டிருந்தாரு. அப்புறம், கதவு மட்டுமா, நிலையோடயான்னாரு. நிலையோடதான்னேன். அரைகுறை வேலையெல்லாம் அந்தப் பாப்பரசர்கிட்ட எடுபடாது."

மார்ச் 8, வெள்ளி

என் வாழ்நாளில் இப்படி ஒரு காட்சி பார்த்ததில்லை, இனியும் பார்க்க மாட்டேன்.

இரும்புத் தகடு அறைந்த பழைய கதவு. அத்தனை பெரிய சுவரில் குனிந்து நுழைகிற உயரம்தான், ஆனால் கனம் ஒரு எருமை இருக்கும். இளந்துறவிகள் நிலையைச் சுற்றி இடித்தார்கள். பிஷப் தூபம் காட்டினார். டிராக்டரில் ஏற்றி, முன்னால் சங்கீதம் பாடிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கொண்டு போனார்கள். பண்ணை தாண்டி, தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் சிமெண்டு போட்டு நட்டார்கள். இந்தப் பக்கம் வெட்டவெளி, அந்தப் பக்கமும் வெட்டவெளி. நடுவில் கதவு.

ஷாபான் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தான். இறங்கி வந்தவன் கதவைச் சுற்றி மணலில் நடந்து பண்ணைப் பக்கம் வந்துவிட்டான். துறவிகள் எல்லாரும், "யோவ், யோவ்!" என்று கத்தினார்கள்.

"ஏங்க? என்ன பண்ணிட்டேன்?"

"வாசல் இருக்கில்ல? வாசல் வழியா வாய்யா," என்றார் பிஸந்தி.

பாவம், திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, குனிந்து வந்தான். "டாக்டரம்மா, நான் இப்ப உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?" என்று என் காதில் கேட்டான். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பிஸந்தியைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முதல் கட்டு கூடையில் இறங்கியபோது அவர் உதடு ஜெபத்தில் துடித்தது. பழைய வாசல் இருந்த இடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். பண்ணைக்குள் வந்துதான் திறந்தார். வானத்தைப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நோன்புக்கு முந்தைய ஞாயிறு. ஊரெல்லாம் கடைசிக் கறிச்சோறு. அதனால்தான் பண்ணைக் கோழிகள் எல்லாம் விற்று, உறைகுளிர் அறை காலியானது. மிச்சம் இருந்த கோழிகளைப் பிஷப் எங்களுக்கே பொரித்துப் போடச் சொல்லிவிட்டார். அவை கிடந்த உறைகுளிர் அறைத் தட்டில் இப்போது பைபிள் சங்கீத உரைகள் கிடக்கின்றன.

தொள்ளாயிரமும் உள்ளே போய்விட்டது. மருந்தடிக்கிற ஆட்கள் கோபுரத்துக்குப் போய்விட்டார்கள். கையெல்லாம் மண், தோள் கழன்றுவிட்டது. ரொம்ப சந்தோஷமா இருக்கேன்.

மார்ச் 11, திங்கள்

இன்றைக்கே ரம்ஜானும் ஆரம்பம். நானும் பட்டினி, ஷாபானும் பட்டினி.

மார்ச் 27, புதன்

குளிர் அளவு பார்க்கப் போனேன். வாசல் சாத்தி, பூட்டியிருந்தது. நோன்பல்லவா?

அதன் முன்னால் தந்தா ஊரிலிருந்து வந்த ஒரு பேருந்துக் கூட்டம். அறிவிப்பு தெரியாமல் வந்தவர்கள். நாற்பது பேர், குழந்தை குட்டியோடு, சுவரே இல்லாத ஒரு கதவின் முன்னால் வரிசையில் நின்று தட்டுகிறார்கள். இரண்டு அடி தள்ளி நடந்தால் மடம். ஒருத்தர் நடக்கவில்லை. "சாத்தியிருக்காங்க, என்ன பண்றது?" என்று கதவை முத்தமிட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார்கள்.

நானும் தட்டினேன். பிஸந்தி கதவில் இருக்கும் சின்னத் துவாரத்தைத் திறந்து பேசினார். ஓரமாகத் தலையை நீட்டினால் அவர் முழு உருவமும் தெரியும். நீட்டவில்லை.

"கரையான்?" என்றேன்.

"ஒரு அசைவு இல்லம்மா. எல்லாம் செத்துருச்சு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஏப்ரல் 13, சனி

ஷாபான் ரம்ஜான் பெருநாளுக்குச் சுட்ட வெண்ணெய் பிஸ்கட்டை எனக்கு நீட்டி நீட்டித் தின்றுகொண்டே வண்டி ஓட்டினான். எனக்கு நோன்பு இன்னும் பாக்கி. படுபாவி.

வாசலில் பிஸந்தி ஒரு புத்தகத்தோடு காத்திருந்தார். அன்று மண்ணாகிப்போன கட்டைத் தவிர, பெரும்பாலும் எல்லாம் தப்பிவிட்டது, ஓரம் அரித்ததோடு. இது ஒன்றுதான் சீரழிந்திருந்தது. பட்டறையில் வைத்து ஏடு ஏடாகப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை.

"கடைசிப் பக்கத்தைப் பாரு," என்று துவாரத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

கடைசிப் பக்கம் இல்லை. சாபத்தைக் கரையான் தின்றிருந்தது. ஒரு எழுத்து பாக்கி வைக்கவில்லை.

"அப்ப இதை நான் கொண்டு போகலாமா அபூனா? தடை இல்லையே?"

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன். சாபம் இல்லாத புத்தகம் நாதியில்லாத புள்ள மாதிரிம்மா, யார் வேணும்னாலும் தூக்கிக்கிட்டுப் போலாம். மனசு கேக்கல. அதான் புதுசா எழுதிட்டேன். சய்யித்னாவும் கையெழுத்துப் போட்டுட்டாரு."

மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். நல்ல கையெழுத்து. கட்டைவிரல் படம் எடுத்தவருக்கு இப்படி ஒரு கையெழுத்து இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"இந்நூல் என்றென்றைக்கும் இம்மடத்துக்கே உரியது. இதை வாசலுக்கு வெளியே கொண்டு போகிறவனுக்கு யூதாஸின் பங்கு கிடைக்கட்டும். வஹ்பாவின் மகள் தமியானா வைத்தியத்துக்காகக் கொண்டு போனால் அவளுக்கு அந்தப் பங்கு இல்லை. உயிர்த்தெழுதலுக்கு ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தேக்குள் திருப்பித் தராவிட்டால் உண்டு."

இரண்டு முறை வாசித்தேன். என் அப்பா பெயர், என் பெயர். எண்ணூறு வருஷத்தில் புத்தகத்தோடு அந்த வாசலைத் தாண்ட உத்தரவு வாங்கிய முதல் ஆள் நான். பிஸந்தி பூட்டைத் திறந்து, கதவைத் திறந்து, இரண்டு கையாலும் புத்தகத்தைக் கொடுத்தார். துவாரத்தில் அது நுழையாது.

வண்டியில் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஷாபான் கேட்டான். வாசித்துக் காட்டினேன். சாவியைத் திருகப் போன கையை எடுத்துவிட்டான்.

"என் பேரு எங்க?"

"உன் பேரு எதுக்கு?"

"நல்லா இருக்கே! நீங்க மடியிலதான் வெச்சிருக்கீங்க. கொண்டு போறது யாரு? வண்டி ஓட்டுற நான்தானே?"

யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதும் சரிதான். இறங்கிப் போய் மறுபடி தட்டினோம். பிஸந்தி கேட்டார், தலையை ஆட்டினார், பேனா எடுத்துவரப் போனார். "வண்டியோட்டி ஷாபானுக்கும் இல்லை" என்று ஓரத்தில் எழுதினார். மை காய்கிற வரைக்கும் அவர் அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் நின்றோம். பிறகு கிளம்பினோம். கெய்ரோ வரைக்கும் ஷாபான் வண்டியை நாற்பதுக்கு மேல் விடவில்லை.