வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டிய படம்

நவ. 4, சனி

விடியலிலிருந்து மழை. பாப்பாவின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் திருநள்ளாறு கூட்டம், படிக்கட்டு வரை ஆள்.

வேலைகள்: ரேஷன் மண்ணெண்ணெய். பாப்பாவுக்குச் சளி மருந்து. போனில் இருக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இவருக்கு மெயில் அனுப்புவது.

முதல் இரண்டும் ஆயிற்று. மூன்றாவது உயிரை வாங்குகிறது.

இவர் நேற்று துபாயிலிருந்து பேசினார். அடுத்த வாரம் கேம்ப்பைப் பாலைவனத்துப் பக்கம் மாற்றுகிறார்களாம். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. இப்போது இருக்கும் இடத்தில் வெள்ளிக்கிழமை லீவில் மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொட விடுகிறார்கள். ஆக, வருகிற வெள்ளிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். விட்டால் ஏப்ரலோ மே மாதமோ. பாப்பாவுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. பெற்றவர் இன்னும் முகம் பார்க்கவில்லை.

மொட்டை அடிக்கும் முன்னால் போட்டோ எடுத்தால் ஆயுசுக்கு ஆகாது என்று அத்தை (இவர் அம்மா) சட்டம் போட்டிருந்தார். போன வாரம்தான் மொட்டை. அதற்கென்றே இவர் ஒரு கேமரா போன் வாங்கி, லீவில் வந்த கருக்களாச்சேரி ஆளிடம் கொடுத்தனுப்பினார். சிம் போடக் கூடாது, படம் எடுக்க மட்டும் என்று உத்தரவு வேறு. அடேயப்பா, எவ்வளவு நம்பிக்கை.

ஒயரைச் செருகினேன். டொய்ங் என்று சத்தம். கீழே ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டம்: செருகியது என்னவென்று அடையாளம் தெரியவில்லையாம். பிடுங்கி, பின்பக்கம் செருகினேன். அதே டொய்ங். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். அதே கட்டம்.

ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். கடிதம் அடிக்கவும் கட்டம் போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு ஒரு வார்த்தை இல்லை.

நவ. 5, ஞாயிறு

மழை விட்டு விட்டு. மத்தி மீன் குழம்பு. பாப்பாவுக்கு மேலே இரண்டு பல் தெரிகிறது.

நெட்டில் தேடினேன். ஒருவன் ஒயரை மாற்று என்கிறான், ஒருவன் வேறு ஓட்டையில் செருகு என்கிறான், ஒருவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்று என்கிறான். நல்ல யோசனை. என் கல்யாணத்துக்கும் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

நெட்டை நிறுத்தியதும் போன் அடித்தது. இவர். ஹலோகூட இல்லை.

"ஒரு மணி நேரமா லைன் எங்கேஜ்டு. யார்கிட்ட பேசிக்கிட்டிருந்த?"

"நெட்டு போட்டா லைன் கிடைக்காதுங்க. உங்க போன் விஷயமாத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ரூம்ல எல்லாப் பயலும் புள்ள படத்த வச்சிருக்கான். நான் ஒருத்தன்தான் இல்லாதவன். உனக்கு அக்கறை இருந்தா இந்நேரம் வந்திருக்கும்."

வந்திருக்கும்! அக்கறையைச் செருகினால் அந்தப் பெட்டி எடுத்துக்கொள்ளும் போல. கடைக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். கூடாதாம். மொட்டை அன்றைக்கு எடுத்ததில் நானும் அத்தையும் இருக்கிறோம். கடையில் கொடுத்தால் பொம்பளைகள் படத்தைக் காப்பி அடித்துக்கொள்வார்களாம். கேம்ப்பில் பேசிக்கொள்கிறார்களாம். அத்தையும் அதைத்தான் சொல்கிறார்.

நவ. 6, திங்கள்

சரி, போன்தானே கடைக்குப் போகக் கூடாது? கம்ப்யூட்டர் போகலாமே. பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, மடியில் ஒயரை வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். மேலே பிளாஸ்டிக் பை போர்த்தி. நான் நனைந்தேன், அது நனையவில்லை.

சர்வீஸ் கடையில் நூர்தீன் அண்ணன். ஐம்பது வயதிருக்கும். திறந்து, துடைத்து, அவருடைய பென் டிரைவைச் செருகினார். எடுத்தது. பின்பக்கம் செருகினார். எடுத்தது.

"பொட்டி நல்லா இருக்கு தங்கச்சி. போன் எங்க?"

"வீட்ல."

பக்கத்தில் பிரிண்டர் வாங்க வந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பேஷண்ட்டை வீட்டில் விட்டுவிட்டு டாக்டரிடம் கட்டிலைத் தூக்கிப் போன கதை. எனக்கே தெரிகிறது. ஆனால் அவன் சிரித்தது வயிற்றெரிச்சலாக இருந்தது.

நூர்தீன் அண்ணன் சிரிக்கவில்லை. "போனோட ஒரு சிடி வந்திருக்கும். அத மொதல்ல கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் இந்தப் போன் இன்னதுன்னு அதுக்குப் புரியும். சிடி இருக்கா?"

சிடியா? டப்பாவே வரவில்லை. வெயிட் ஜாஸ்தி ஆகும் என்று போனையும் ஒயரையும் மட்டும் வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார் அந்தக் கருக்களாச்சேரிக்காரர்.

நவ. 7, செவ்வாய்

இவர் பேசினார். சிடியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? அது இங்கதான் கெடக்கு. பாட்டு சிடின்னு நெனச்சேன். ஒண்ணும் பாடல. ஷேவிங் பண்ண ஜன்னல்ல மாட்டி வச்சிருக்கோம்."



"அது இல்லாமத்தாங்க இங்க எடுக்க மாட்டேங்குது."

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம். மொத நாள் ஒயரு, இப்ப சிடி."

நாலு நாளாக நான் முட்டாள், அக்கறை இல்லாதவள். அங்கே ஆறு ஆள் அதில் முகம் பார்த்து மீசை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் அழுதேன். அவள் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். போடி.

நவ. 8, புதன்

கரண்ட் இல்லை, காலையிலிருந்து மூன்று மணி வரை. வெள்ளிக்கு இன்னும் ஒரே நாள்.

அத்தையிடம் நேராகக் கேட்டேன். போன் கடைக்குப் போகக் கூடாது, சரி. கடைக்காரர் வீட்டுக்கு வரலாமா? வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்தார்.

"வரச் சொல்லு. நான் கூடவே ஒக்காந்திருக்கேன். புள்ள மொகத்த அவன் பாக்கணும்ல."

இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அத்தை என் பக்கம் சொன்ன முதல் வார்த்தை. எழுதி வைக்கிறேன்.

இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நம்பர் அவரிடம், போன் கார்டு அவரிடம். கூப்பிட்டால் எடுப்பது மட்டும் என் வேலை.

நவ. 9, வியாழன்

வெயில்! துணி முழுக்கக் காயப் போட்டாயிற்று.

நூர்தீன் அண்ணன் பத்தரைக்கு வந்தார். அத்தை நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு, கைதிக்குக் காவல் இருப்பதுபோல உட்கார்ந்தார். அண்ணன் போனைத் தொடவே இல்லை. "போன் உங்க கையிலயே இருக்கட்டும் தங்கச்சி. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க."

கொண்டுவந்த முதல் சிடி வேறு மாடலுக்கு. அவருக்கே கோபம். கடைக்குப் போய் வேறொன்று எடுத்து வந்தார். நான் செய்த தப்பையும் சொன்னார். சிடியைப் போடும் முன்னாலேயே ஒயரைச் செருகிவிட்டேன். கம்ப்யூட்டர் அதைத் தெரியாத சாமான் என்று எழுதி வைத்துக்கொண்டது, எத்தனை தடவை செருகினாலும் அதையேதான் சொல்லும். பழையதை அழித்து, சிடியைப் போட்டு, அணைத்துப் போட்டு, அப்புறம் ஒயர்.

டொய்ங் வரவில்லை. வேறு சத்தம், டிங் என்று. போனின் பெயரே வந்துவிட்டது திரையில்! நான் கத்தியதில் பாப்பா பயந்துபோய் அழுதாள்.

"புதுசா ஒரு படம் எடுத்து ஏத்துங்க, வருதான்னு பாப்போம்," என்றார். பாப்பாவைக் கூடத்துப் பாயில் உட்கார வைத்தேன். அத்தை பின்னாலிருந்து டம்ளரைத் தட்டினார். மொட்டை அன்று எடுத்தது எல்லாம் மூக்கொழுக அழுத முகம். இதில் சிரிக்கிறாள், இரண்டு பல்லும் தெரிய. இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று அத்தையும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நானும் பத்து வருசம் அங்க கெடந்தவன்தான். எம்மவன மொதல்ல பாக்கறப்ப அவன் ஸ்கூல் போயிட்டிருந்தான். அனுப்பிடுங்க, சட்டுனு," என்றார் நூர்தீன் அண்ணன். டீ குடித்துவிட்டுப் போனார்.

நெட் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவதில் போய்விட்டது.

"எந்த வழியாப் போவுது?" என்றார் அத்தை.

"போன் ஒயர் வழியாத்தான்."

எழுந்து போய் அந்த ஒயரைப் பார்த்தார்.

நவ. 10, வெள்ளி

முருங்கைக்கீரை அடி பிடித்துவிட்டது. பார்த்திருப்பாரா? அழுதிருப்பாரா? அழுகிற ஆள் இல்லை. ஆனால் முதல் முகமாயிற்றே. தலைமுடி வளர்ந்தால் அவர் சாயல்தான் என்று எழுதியிருந்தேன்.

மா. 5 மணிக்கு நெட் போட்டேன். பதில் வந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒரே வரி.

வாசலில் கிடக்கிற ஆம்பளைச் செருப்பு யாருடையது?

படத்தைத் திறந்து பார்த்தேன். எனக்குக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பாப்பாவுக்குப் பின்னால், கதவு ஓரம், மூலையில் கறுப்பாக ஒரு முனை. படத்தைப் பெரிதாக்கினால்தான் செருப்பு என்றே தெரியும். பெரிதாக்கியிருக்கிறார். பாப்பா முகத்தை முழுக்கத் தாண்டி அங்கே போயிருக்கிறார்.

அத்தையிடம் படித்துக் காட்டினேன்.

நவ. 11, சனி

தூறல். கா. 9 மணிக்கு போன். அத்தைதான் எடுத்தார். "புள்ளயப் பாத்தியாடா?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முகம் ஒரு மாதிரியாகி ரிசீவரை என்னிடம் நீட்டினார். "உன்கிட்டதான் பேசணுமாம்."

"யாருடி அது?"

"உங்க பொண்ணு," என்றேன். "நடுவுலதான் ஒக்காந்திருக்கா. நல்லாப் பாருங்க."

வைத்துவிட்டேன்.

உடனே மறுபடி அடித்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை போனுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். அடித்து அடித்து ஓய்ந்தது. அவரும் எடுக்கவில்லை.