மூன்றாவது வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

நேற்று சேவைச் சங்கத்தின் வாரக் கூட்டம். அவர்கள் வழியாக இந்த நாட்டுக்குப் படிக்க வந்த பரிமாற்ற மாணவி என்பதால் நானும் போனேன். சாப்பாட்டுக்கு நடுவில் தலைவர் எழுந்து, அவர்கள் மொழியில், "இந்தப் பொண்ணு ரெண்டாவது வீட்டுல இருக்கிறது இந்த மாசத்தோட முடியுது. அடுத்த மூணு மாசம் யார் வெச்சுக்கிறீங்க?" என்று கேட்டார். நாற்பது பேரும் தட்டையே பார்த்தார்கள். தட்டில் அத்தனை நேரம் பார்க்க என்ன இருந்ததோ! எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தேன். செயலாளர் அக்கா மட்டும், "தங்கமான பொண்ணு" என்றார். ஆனால் கையைத் தூக்கவில்லை. அடுத்த வாரம் பேசலாம் என்று முடித்துவிட்டு, என்னை நன்றியுரை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். எனக்கு ஒரு உதவி வேண்டும். நான் எதையும் சாப்பிடுவேன், சத்தம் போடமாட்டேன், ஒரு மூலை போதும் என்று சங்கத்துக்கு உங்கள் கையால் நாலு வரி எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள், நான்தான் கூட்டத்தில் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டும்.

சங்கத்தின் இரத்ததான முகாமுக்கு நாற்காலி அடுக்க என்னை அழைத்துப்போக வண்டி வந்துவிட்டது. படிக்கும்போது எனக்கு அழுகை வராதபடி சுருக்கமாக எழுதுங்கள், அப்பா.

உங்கள் மகள்