லைசென்ஸ் வந்த நாள்

தாமரை அப்பாவுக்கு,

நீங்கள் கடைப்பக்கம் நடந்து போயிருக்கிறீர்கள். திரும்புவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் லைசென்ஸ் திரும்ப வந்ததும் கத்தரிக்கோலைக் கேட்டீர்கள். எதற்கென்று தெரியாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். இனிக் குடிக்க மாட்டேன் என்று கருப்பசாமி கோயிலில் கட்டிய கயிற்றை என் கண்ணெதிரே வெட்டிப் போட்டீர்கள்.

"லைசென்ஸ் வர்ற வரைக்கும்னுதான் நேர்ந்துக்கிட்டேன். ஆறு மாசம் முடிஞ்சிருச்சுல்ல?"

குடித்துவிட்டு நீங்கள் வண்டியால் இடித்த செல்லூர் ஜெயக்கொடி அக்காவுக்காகக் கட்டியது என்றல்லவா நினைத்திருந்தேன்! அவர் எழுந்து நடக்கும்வரை கயிறு இருக்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். வாராவாரம் பார்க்கப் போகும்போதெல்லாம், "கயிறு கையில இருக்குல்ல தாயி? அம்புட்டுப் போதும்" என்பார். இன்னும் சுவரைப் பிடிக்காமல் அவரால் நிற்க முடியவில்லை.

அபராதம் கட்டினீர்கள், ஆறு மாதம் பஸ்ஸில் போனீர்கள். சட்டம் அதோடு விட்டுவிட்டது. ஒரு நாளாவது அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வா என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

வெட்டிய கயிற்றையும் வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு செல்லூருக்குப் போகிறேன். இரண்டும் அக்காவிடம் இருக்கும். வண்டி வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேளுங்கள்.

இப்படிக்கு,
கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தவள்