கறுப்புத் திருப்புளி

கடலூர், மஞ்சக்குப்பம்
18.9.2011

அன்புள்ள மாப்பிள்ளை தில்லைநாதனுக்கு,

செந்தமிழ்செல்வன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் தங்கை மங்கலமும் சுகந்தானே? தினமும் காலை ஏழு மணிக்கு அமெச்சூர் வானொலியில் பேசிக்கொள்கிறவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். காற்றில் பேசினால் பண்ருட்டி வரைக்கும் செட் வைத்திருப்பவன் எல்லாம் கேட்பான். மாப்பிள்ளையைத் திட்டுவது வெளியே கேட்க வேண்டாம் என்றுதான் தபால்.

இரும்புத் திருப்புளியை விட்டுக் காயிலின், அதுதான் அந்தக் கம்பிச்சுருளின், நடுவிலுள்ள கோரைத் திருகினேன் என்று நேற்று சொன்னீர்களே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறிவியல் வாத்தியார் செய்கிற வேலையா இது? காயிலுக்குள் உலோகம் நுழைந்தாலே அலைவரிசை நகர்ந்துவிடும். திருப்புளி உள்ளே இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். வெளியே எடுத்ததும் செட் வேறு எங்கோ போய் நிற்கும். பிளாஸ்டிக், பீங்கான், மூங்கில், இவற்றைத் தவிர எதையும் உள்ளே விடாதீர்கள். முனையும் கோரின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். சின்ன முனையை வைத்து அழுத்தினால் கோர் விண்டுபோகும்.

வேறு செட்டாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது நீங்கள் கையால் கட்டி, மங்கலம் கிள்ளைக்குக் கொண்டுபோகப் போவது. சுனாமியன்று போன் எல்லாம் செத்துக் கிடக்க, அந்தச் சுகாதார நிலையத்தில் நர்ஸாக அவள் ஒருத்தி பட்ட பாட்டுக்குத்தான் இந்த வானொலிப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள். அலைவரிசையை 7060-ஐ விட்டு நகராமல் பிடித்துவைக்கிற கிரிஸ்டல் இரண்டுதான் கிடைத்தது, அது உங்கள் சின்ன செட்டுக்கும் என் சின்ன செட்டுக்கும் போய்விட்டது. அவள் செட் காயிலை நம்பித்தான் ஓடும். "கை பூரா ரத்தமா இருக்கும்போது டயலை எங்கண்ணே திருகுறது?" என்று கேட்டவள் அவள்தான். அதனால் டயல் கிடையாது. அலைவரிசையை 7060-ல் பூட்டிவிட வேண்டும். பூட்டுகிற இடம் தப்பினால் அவள் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது.

சென்னையிலிருந்து நல்ல திருப்புளி செட் வரவழைக்கிறேன். ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே அனுப்புவேன். அதுவரை அந்தக் காயிலைத் தொடாதீர்கள்.

நம் வானொலிக்காரர் வழக்கப்படி வணக்கத்துடன் 73,
செந்தமிழ்செல்வன்


சிதம்பரம்
3.10.2011

அன்புள்ள மச்சானுக்கு,

தில்லைநாதன் வணக்கம். உங்கள் திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. மேஜைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன், மங்கலம் தினமும் ஒருமுறை படித்துச் சிரிக்கிறாள். இரும்புத் திருப்புளியைப் பிடுங்கிக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

நடுவில் ஒரு மூங்கில் குச்சியைச் சீவிப் பார்த்தேன். இரண்டு சுற்று சுற்றினால் முனை பிசிறிவிடுகிறது. பிளாஸ்டிக் பின்னல் ஊசியைத் தேய்த்தேன், அது கோரின் பள்ளத்தில் நுழையவே இல்லை. உங்கள் செட்டுக்கே காத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். பார்த்தால் பிளாஸ்டிக் போல இருக்கும், உள்ளே உலோகம் இருக்கும் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மங்கலம் கேட்டுக்கொண்டே, "அண்ணன் பாத்துக் குடுத்தா சரியாத்தான் இருக்கும், நீங்க சும்மா இருங்க" என்கிறாள். எனக்கும் அதே நம்பிக்கைதான். மழைக்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு பதைப்பு, அவ்வளவே.

73,
தில்லைநாதன்


கடலூர்
21.10.2011

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இத்துடன் ஐந்து திருப்புளிகள். வெள்ளை இரண்டும் ஆறுமூலைப் பள்ளம் உள்ள கோருக்கு. பச்சையும் மஞ்சளும் பெரிய காயில்களுக்கு. கறுப்பாக, மெல்லிய பட்டை முனையோடு இருப்பதுதான் மங்கலம் செட்டின் முக்கியமான காயிலுக்கு. அலைவரிசையைப் பூட்டுகிறது அதுதான்.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில் எளிது. செட்டை ஓடவிட்டு, அதன் ஊதலைக் கேட்டுக்கொண்டே முனையைக் காயிலுக்குள் நீட்ட வேண்டும். ஊதலின் சுருதி மாறினால் உள்ளே உலோகம் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சிரமப்பட வேண்டாம், எல்லாவற்றையும் நான் சோதித்தாயிற்று. என்னிடம் பழைய பீங்கான் முனை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுவிடாதீர்கள், தரமாட்டேன்.

தீபாவளி பார்சல் கூட்டத்தில் தபால் ஆபீஸில் கால் வைக்க இடமில்லை. நாலு மணித் தபால் கட்டுக்குள் சேர்க்க ஓடுகிறேன். மங்கலத்துக்குப் புடவை தனியாக வரும். உங்களுக்கு இந்தத் திருப்புளிதான் தீபாவளிச் சீர்.

73,
செல்வன்


சிதம்பரம்
9.11.2011

அன்புள்ள மச்சானுக்கு,

சீர் வந்தது. கறுப்புத் திருப்புளி கோரில் அளவெடுத்தது போல உட்காருகிறது. ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. திருப்புளி உள்ளே இருக்கும்போது 7060 துல்லியமாக வருகிறது. எடுத்தவுடன் கீழே சறுக்குகிறது. திரும்ப விட்டால் திரும்பச் சரியாகிறது. பதினோரு தடவை செய்து பார்த்துவிட்டேன்.

உங்கள் முதல் கடிதம் கண்ணெதிரே ஒட்டியிருக்கிறது. அதில் இரும்பைப் பற்றி நீங்கள் எழுதியது இதேதான். ஆனால் இது நீங்கள் சோதித்தது. அப்படியானால் தப்பு என் கையில்தான் இருக்க வேண்டும். என்ன செய்யட்டும்?

மங்கலம் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கிள்ளையில் அவளுக்குத் துணையாக இருக்கிற ஆயா விருத்தாம்பாள், இந்த வருஷம் கடல் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்றாளாம். நர்ஸ் வேலை பார்க்கிறவள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டாள்.

73,
தில்லைநாதன்


கடலூர்
15.11.2011

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதினோரு தடவையா? பள்ளிக்கூடத்தில் பையன்களை இம்போசிஷன் எழுதவைத்து உங்களுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. அது உங்கள் கைதான். காயில் பக்கத்தில் கை போனாலே அலைவரிசை நகரும், எனக்கும் நகரும். திருப்புளி வைத்தபடி 7060 காட்டினால் அதோடு விடுங்கள். தகர மூடியைப் போட்டதும் சரியாகிவிடும். திருப்புளியைச் சந்தேகப்படாதீர்கள்.

ஞாயிறு காலை செட்டைக் காற்றில் ஏற்றிக் கூப்பிடுங்கள். பெரிய செட்டில் கேட்டுச் சொல்கிறேன்.

73,
செல்வன்


கடலூர்
21.11.2011

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று மங்கலத்தின் குரல் கணீரென்று கேட்டது. அலைவரிசைதான் கொஞ்சம் கீழே இருந்தது போலிருந்தது. டயலைத் தொட்டேன், கிடைத்துவிட்டாள். என் பெரிய செட்டின் டயலுக்கும் வயதாகிவிட்டது. கோரின் மேல் ஒரு சொட்டு மெழுகு விட்டு மூடி, கிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். நமக்கு இனி இதைப் பற்றிக் கவலை இல்லை.

73,
செல்வன்


சிதம்பரம்
8.1.2012

அன்புள்ள மச்சானுக்கு,

புயல் அடித்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் கரண்ட் வரவில்லை. மெழுகுவத்தியில் எழுதுகிறேன். நீங்கள் வந்து மங்கலத்தைக் கடலூருக்கு அழைத்துப்போன அன்று நடந்ததை வரிசையாகச் சொல்ல நேரமில்லை. அதனால் இந்தக் கடிதம்.

புயலன்று விடிகாலையிலிருந்தே கிள்ளைக்குக் கிளம்ப நான் கீரப்பாளையத்தில் டிராக்டரோடும் மரம் அறுக்கும் ஆட்களோடும் தயாராக நின்றேன். சின்ன செட்டைக் காதோடு வைத்திருந்தேன். மணிக்கொருதரம் உங்கள் குரல்தான் வந்தது. "கிள்ளையிலேர்ந்து ஒண்ணும் கூப்பிடல மாப்ள. சத்தமில்லன்னா அங்க ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். கூப்பிட்டா கெளம்பலாம், இருங்க." நான் இருந்தேன். மூன்று மணி நேரம் இருந்தேன்.

மங்கலம் அப்போது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வேப்பமரம் ஓட்டின் மேல் சாய்ந்து, விருத்தாம்பாள் தொடையில் உத்திரம் விழுந்து, ஒரு கையால் கட்டுப்போட்டு அழுத்திக்கொண்டு மறு கையால் பட்டனை அழுத்தி நாற்பது நிமிஷம். ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் போய்விட்டாள். வழியில் விழுந்து கிடந்தவை ஆறு மரங்கள். அறுத்துப் போக எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும்.

புறப்படும்போது மங்கலம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சரியா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

சொன்னேன், மச்சான். அவளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

73,
தில்லைநாதன்


கடலூர்
25.1.2012

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மனதைத் தளரவிடாதீர்கள். மங்கலம் இங்கே இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பேச்சுதான் இல்லை. உங்கள் பெயரை எடுத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். கொஞ்ச நாள் விடுங்கள்.

செட்டில் என்ன ஆனது என்று யாருக்குத் தெரியும்? மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். மெழுகு சரியாகப் பிடிக்காமல் போயிருக்கலாம். நீங்கள் கட்டிய முதல் செட் இது, கொஞ்சம் அவசரப்பட்டிருப்பீர்கள். மங்கலம் கேட்டபோது நானும் அப்படித்தான் சொன்னேன். குற்றமாகச் சொல்லவில்லை. இனி அந்தச் செட்டைத் திறக்காதீர்கள், பார்த்தால் மனக்கஷ்டந்தான்.

73,
செல்வன்


சிதம்பரம்
12.2.2012

மச்சானுக்கு,

பண்ருட்டியிலிருந்து வைத்திலிங்கம் என்று ஒருவர், யாரென்றே எனக்குத் தெரியாது, ஒரு கார்டு அனுப்பியிருக்கிறார். ஒருவர் குரலை இன்னொருவர் கேட்டால் நம்மவர்கள் அனுப்புவார்களே, அந்தக் கார்டு. லைசென்ஸ் புத்தகத்தில் மங்கலத்தின் விலாசம் பார்த்து அனுப்பினாராம். அப்படியே எழுதுகிறேன்.

"30.12.2011, காலை 6.40 முதல் 7.20 வரை. அலைவரிசை 7048. கிள்ளையிலிருந்து பெண் குரல், மிகத் தெளிவு. வண்டி கேட்டார். என் ஏரியல் சாய்ந்துவிட்டதால் கேட்க முடிந்தது, பேச முடியவில்லை. யாராவது பதில் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்."

7048, மச்சான். பன்னிரண்டு கீழே.

நீங்கள் திறக்காதே என்று எழுதிய செட்டைத் திறந்தேன். மெழுகு அப்படியே இருக்கிறது. தண்ணீர் இறங்கவில்லை. செட்டை ஓடவிட்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்தச் சோதனையைச் செய்தேன். வெள்ளை, பச்சை, மஞ்சள் நான்குக்கும் ஊதல் மாறவில்லை. கறுப்பை நீட்டினேன். நீட்டியதுமே மாறியது. முனையைப் பிளேடால் சுரண்டினேன். பெயிண்டுக்குக் கீழே பித்தளை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மங்கலம் உங்கள் வீட்டில், உங்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நீங்களே சொல்லுங்கள். இந்தத் திருப்புளியையும் கார்டையும் இந்தக் கடிதத்தின் நகலையும் 22-ஆம் தேதி, மங்கலம் பெயருக்கு, ரிஜிஸ்தர் தபாலில் போடுவேன். அதற்கு முன்னால் அவள் உங்கள் வாயால் கேட்டிருந்தால், பார்சல் வரும்போது அவளுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. பத்து நாள் இருக்கிறது.

தில்லைநாதன்


கடலூர்
11.3.2012

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. அதில் 73 இல்லாததை அன்றைக்கே கவனித்தேன்.

பத்து நாளும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். காலையில் காப்பி கொடுக்கும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். "ஏண்ணே, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். 24-ஆம் தேதி நான் வேலைக்குப் போன பிறகு தபால்காரர் வந்திருக்கிறார். சாயங்காலம் திரும்பியபோது வீட்டில் அவள் இல்லை, பையும் இல்லை. என் பெரிய செட் மூடி திறந்தபடி ஊதிக்கொண்டிருந்தது. காயிலுக்குள் அந்தக் கறுப்புத் திருப்புளி செருகியிருந்தது. அவளும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

முன் கடிதங்களில் சுற்றி வளைத்தேன். இப்போது நேராக எழுதுகிறேன். திருப்புளிகளை அனுப்பிய அன்று நாலு மணிக் கட்டுக்கு நேரமாகிவிட்டது. நான்கைச் சோதித்தேன். கறுப்பை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சோதித்தாயிற்று என்று கடிதத்தில் எழுதியும் விட்டேன், அதை அடிக்கக் கை வரவில்லை. நீங்கள் பதினோரு தடவை பார்த்ததாக எழுதியபோதே சோதிக்காத கறுப்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வாத்தியாரிடம் தோற்கக் கூடாது என்று உங்கள் கையைக் குறை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை டயலைத் தொட்டேன் என்று எழுதியதும் பொய். 7060-லிருந்து பன்னிரண்டு கீழே திருப்பினேன். புயலில் கரண்ட் போய், டயல் இல்லாத சின்ன செட்டோடு உட்கார்ந்தபோது, கிள்ளை சத்தம் இல்லாதது நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விருத்தாம்பாளை நான் கொன்றேன். உங்கள் குடும்பத்தைப் பிரித்துவைத்துவிட்டு, உங்கள் மேலேயே பழியும் போட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

மங்கலம் உங்களிடந்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எப்படி என்றும் சொல்கிறேன். பதினைந்து நாளாகக் காலை 6.40-க்கு ஒரு செட் காற்றில் ஏறுகிறது. 7060-ல் இல்லை, 7048-ல். அங்கே பூட்டிய செட் அவளுடையது ஒன்றுதான். பட்டனை அழுத்துகிற சத்தம் கேட்கிறது, பிறகு மூச்சு கூட இல்லை. 7.20-க்கு நின்றுவிடுகிறது. நாற்பது நிமிஷமும் நான் டயலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் கேக்குறேம்மா, மங்கலம், கேக்குது, சொல்லும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தச் செட்டுக்கு நான் பேசுவது கேட்கிறதா, மாப்பிள்ளை? ஒரு வரி எழுதினால் போதும்.

நாளைக் காலையிலும் உட்கார்ந்திருப்பேன்.

73,
செந்தமிழ்செல்வன்