புளிக்குத் தப்பிய ரிவோல்வர்

மச்சான்,

இன்று சனிக்கிழமை. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பழைய சாமான் சந்தை. கதவைத் தள்ளியதும் வாபல் அப்பம் சுடும் வாசனையும் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசனையும் சேர்ந்து வந்து முகத்தில் மோதின. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த நோர்வேக்காரி என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நின்று நான் உன்னைத் தேடுகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஓம், நானேதான் எழுதுகிறேன். ஒரு பந்திக்கு ஒரு தேநீர் என்ற வேகத்தில் போகிறது. அவசரம் இல்லை. சொல்லப்போவது நல்ல செய்தி.

அப்படியொரு சந்தையில்தான் கதவுப்பிடிகளும் துருப்பிடித்த பூட்டுகளும் கிடந்த மரப்பெட்டிக்குள் நீ கையை விட்டாய். வெளியே எடுத்தது ரிவோல்வர். நான் பின்வாங்கிவிட்டேன். விற்றுக்கொண்டிருந்த பெண் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தாள். நீ உருளையை விரலால் மெல்லச் சுற்றிக் காதோடு வைத்துக் கேட்டாய். வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காலத்தில், புதிதாகத் தீட்டிய கத்தியைக் கையில் வாங்கும்போது உனக்கு வரும் முகம் அது.

வாங்கிய கையோடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனாய். அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூறு வயது தாண்டிய ரகம், இதற்குத் தோட்டாவே இப்போது இல்லை, வைத்திருக்கலாம் என்றார்கள். வீட்டில் உன் மனுசி பூமணியின் நீதிமன்றம் அவ்வளவு சுலபமாக இல்லை.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீங்கள் காசு குடுத்துத் துவக்கு வாங்கிக்கொண்டு வாறியளோ?"

"இது சுடாதப்பா. இதுக்குத் தோட்டா செய்யிறதை எப்பவோ நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"சுடாத துவக்கு என்னத்துக்கு? தேங்காய் உடைக்கவோ?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ரயிலில் போகும்போதும் குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கும்போதும் எனக்கு அதையே விளங்கப்படுத்தினாய். "செய்யிறதை நிப்பாட்டின சாமான் இனி எண்ணிக்கையிலை கூடாது மச்சான், குறையத்தான் செய்யும். ஒண்டு கடலுக்குள்ளை போகும், ஒண்டை உருக்குவினம். விரும்புற ஆக்கள் மட்டும் கூடிக்கொண்டே போவினம்." அந்தக் காலத்தில் ஒவ்வொரு உறுப்பையும் கையால் அராவிப் பொருத்தி, எல்லாவற்றிலும் ஒரே இலக்கத்தை அடித்தார்களாம். ஒரு உறுப்பை மாற்றியிருந்தால் இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும், விலை இறங்கிவிடும். உன்னுடையதில் எல்லா இலக்கமும் ஒன்றேதான் என்று நீ பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினாய். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, இலக்கம் தெரியும்.

கோயில் குத்துவிளக்குகளை மினுக்குகிறவன் நான். என் கை சும்மா இருக்குமா? "புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சால் கண்ணாடி மாதிரி வரும்" என்றேன். நீ அதை என்னிடமிருந்து பறித்தாய். "விசரே உனக்கு! உது ஊத்தை இல்லையடா. உந்தக் கறுப்புத்தான் அதின்ரை வயசு. அதைத் தேய்ச்சால் மிச்சம் வெறும் இரும்பு."

தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் உனக்குத் "துவக்கர்" என்று பட்டம் வைத்தார்கள். நீ அதற்கும் பல்லைக் காட்டினாய்.

நீ கண்மூடிய மாரியில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் வீடு முழுவதையும் கழுவினோம். குசினிக்குள் போனேன். தொட்டிக்குள் விளக்குகள், செம்புகள், தட்டங்கள். அவற்றின் நடுவில் உன் ரிவோல்வர். பூமணியின் கையில் புளி உருண்டை.

"பூமணி! என்ன செய்யிறாய்?"

"நாளைக்குப் பொலிஸிலை குடுக்கப்போறன் அண்ணை. மகனும் துரொண்ட்ஹெய்மிலை இருந்து அதைத்தான் சொல்லுறான். அவர் ஆசையாய் வச்சிருந்தது, ஊத்தையோடை குடுக்கிறதே?"

பொலிஸில் கொடுத்தால் நசுக்கி உருக்கிவிடுவார்கள். துவக்கர் என்ற பட்டம் மட்டும் மிஞ்சும். நான் அதை எடுத்து என் சாரத்தாலேயே துடைத்தேன். ரிவோல்வரின் சுடுகுழாயில் ஒரு இடம், பெருவிரல் அகலத்துக்கு, ஏற்கனவே பளபளத்துவிட்டது. ஏலத்தில் வைப்போம் என்று கெஞ்சினேன். அவள் அரை மனதோடு சம்மதித்தாள். "ஒருத்தரும் வாங்காட்டி, நான் சொன்னதுதான்."

ஏல நிறுவனத்தில் மதிப்பிடுகிறவர் இலக்கங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஆமென்று தலையை ஆட்டினார். பளபளத்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"இது என்ன?"

புளிக்கு நோர்வேஜிய மொழியில் என்ன சொல்வது? பூமணி, "புளி" என்றாள். முகத்தைச் சுளித்து, நாக்கைச் சப்பி, விளக்குத் தேய்ப்பதுபோல் கையால் செய்தும் காட்டினாள். அவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முழுவதையும் இப்படித் தேய்த்திருந்தால் கதவுப்பிடியின் விலைதான் கிடைத்திருக்கும் என்றார். பூமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஏல நாளில் உன் ரிவோல்வரின் படம் திரையில் வந்தது. சபையில் ஒரு கையும் எழவில்லை. பூமணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னனான்தானே அண்ணை." அப்போது முன் வரிசையில் நரைத்த தலைக்காரி ஒருத்தி பென்சிலை உயர்த்தினாள். ஓரத்தில் தொலைபேசியோடு நின்றவரும் கையை உயர்த்தினார். பிறகு அவள், பிறகு அவர். எனக்கு விளங்கிய இலக்கங்களைத் தாண்டி விலை ஓடியது மச்சான்! சுத்தியல் விழுந்ததும் சபை கைதட்டியது. பூமணி அழுதுகொண்டே, "இந்த மனுசன் இருந்திருந்தால் இண்டைக்கு தலைகால் தெரியாமல் கதைச்சே எங்களைச் சாகடிச்சிருப்பார்" என்றாள். துரொண்ட்ஹெய்முக்கு அவளே தொலைபேசி எடுத்தாள். "உன்ரை அப்பாவுக்குச் சாமான் தெரியும் தம்பி" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

வாங்கிய அந்த நரைத்த தலைக்காரி ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கண்ணாடி அலுமாரிக்குள் ஒவ்வொரு பழைய துவக்கின் கீழும் ஒரு அட்டை, அட்டையில் அதை வைத்திருந்தவர்களின் பெயர்கள். யார் கையில் இருந்தது என்று தெரிந்தால் பொருளுக்கு மதிப்புக் கூடும் என்றாள். உன்னுடையதற்கு முன்னவர்கள் யாரென்று தெரியாது. ஆகவே அட்டை உன்னில்தான் தொடங்கவேண்டும். "உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள்" என்று பேனையை நீட்டினாள்.

பூமணி பின்னால் நகர்ந்தாள். "அவரின்ரை பேரை நான் எழுதுறதோ? நீங்கள் எழுதுங்கோ அண்ணை."

எனக்கு எழுதத் தெரியாது என்பதை நீ அவளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாய். இத்தனை வருடமும் எனக்கு வந்த கடிதங்களை வாசித்துக் காட்டியவன் நீ. பிறகு வந்து எழுதுகிறேன் என்றேன். அந்த அம்மா அட்டையை வெறுமையாகவே வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சின்ன வயதில் என் அப்பர் மீன்பிடிக்கக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனதால் விட்ட இடம் அது. இரண்டு மாரி போனது. போன கிழமை பூமணியையும் கூட்டிக்கொண்டு போய், அட்டையில் உன் பெயரை எழுதினேன். பூமணி குனிந்து சத்தமில்லாமல் உதட்டால் வாசித்தாள். பல் வைத்தியர் அதை எப்படிச் சொல்வதென்று கேட்டுச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். உன் பெயர் அவள் வாயில் கொஞ்சம் நொண்டியது, ஆனால் நடந்தது. இனி யார் அந்த ரிவோல்வரை வாங்கினாலும் உன்னையும் சேர்த்துத்தான் வாங்கவேண்டும்.

புறப்படும்போது பேனையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இப்போது அது என் சட்டைப்பையில் இருக்கிறது. வைத்தியசாலையிலோ வங்கியிலோ கையெழுத்துக் கேட்டால், பெருவிரலை நீட்டாமல் அதை எடுக்கிறேன். எடுத்து, மூடியைக் கழற்றி, அவர்களைக் கொஞ்சம் காக்க வைத்து, ஆறுதலாக எழுதுகிறேன்.